இடமில்லை என்ற சொல்

சில ஆண்டுகளுக்கு முன், சென்னைப் புறநகரில் நான் பங்குப் பணியாற்றிய ஊரில், ஒரு மாலை வேளையில் பங்குப் பேரவை அவசரமாகக் கூடியது. கட்டட வேலைக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன் சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்துபோயிருந்தான். வயது இருபத்திரண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்தவன்; கத்தோலிக்கன். அவனோடு தகரக் கொட்டகையில் தங்கியிருந்த நால்வர், அவனுடைய செபமாலையைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் கோவிலைத் தேடி வந்தனர். உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல அவர்களிடம் வழியில்லை. தகப்பனார் தொலைபேசியில் அழுதபடியே, அங்கேயே நல்லடக்கம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் எங்களிடம் கேட்டது ஆறடி நிலம்.

எங்கள் கல்லறைத் தோட்டம் சிறியது. ஆண்டுதோறும் சந்தா செலுத்தும் குடும்பங்களுக்கே அதில் இடம் என்பது பல்லாண்டு வழக்கம். அவர்களுக்கும் புதுக்குழி கிடையாது. தாத்தாவின் குழியையே திறந்து பேரனை வைக்கிறோம். பேரவையில் மூத்தவர் ஒருவர் எழுந்தார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுப்பவர் அவர், கல்நெஞ்சர் அல்லர். “சாமி, நம்ம பிள்ளைங்களுக்கே இடமில்லை. இன்னைக்கு ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க. அப்புறம் நாம எங்கே போறது?” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆகவே மற்றவர்கள் மௌனமாயிருந்தார்கள். நானும், “மேலிடத்தில் கேட்டுக் காலையில் சொல்கிறேன்” என்று கூறிக் கூட்டத்தை முடித்தேன். மேலிடத்தில் கேட்க வேண்டிய செய்தியன்று அது என்பதை நான் அறிவேன். விதியின் நிழலில் ஒதுங்குவது எளிது என்பதற்காகவே அப்படிச் சொன்னேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் நடந்ததை இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், அந்த ஒற்றைச் சொல்லைக் குறித்து வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்: இடமில்லை. பெருநகரத்தில் வாழ்வோர் நாள்தோறும் சொல்லும் சொல் இது. புறநகர் இரயிலின் வாயிற்படியில் நின்று சொல்கிறோம். பள்ளிச் சேர்க்கையின்போது சொல்கிறோம். வாடகை வீடு கேட்டு வருவோரின் மொழியையும் சாதியையும் உணவையும் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம். நகரம் பெருகப் பெருக இந்தச் சொல்லும் பெருகுகிறது. இது உண்மையை உரைக்கும் சொல்லா, அல்லது நம் உள்ளத்தை மறைக்கும் சொல்லா?

நகரம் யாருடையது?

முதலில் நம் நகரத்தின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். மயிலையும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் மிகப் பழைய ஊர்கள். ஆனால் மதராஸ் என்ற நகரம், 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் ஒரு மணற்பரப்பைப் பெற்றதிலிருந்து வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1516-இல், போர்த்துக்கீசியர் லஸ் கோவிலைக் கட்டியிருந்தனர். கோட்டையைச் சுற்றித் தமிழரும் தெலுங்கரும் வணிகம் செய்தனர். 1734-இல் நெசவாளரைக் குடியமர்த்துவதற்காகவே சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர்கள் குடியிருந்த தெரு, மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே புனித அந்தோணியாரைத் தேடிச் செல்வோரில் எத்தனை பேருக்கு அப்பெயரின் வரலாறு தெரியும்? புனித தோமையார் மலைக்கு நாம் ஏறிச் செல்லும் படிகளையும், சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726-இல் கட்டப்பட்ட பாலத்தையும் தம் சொந்தப் பொருளால் அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். அந்த மலைக்குப் பெயர் தந்த திருத்தூதரோ, நம் மரபின்படி, கடல் கடந்து வந்தவர். இவ்வூரில் நற்செய்தியை முதலில் சுமந்து வந்தவரே அயலார்தாம்.

பின்னும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சௌகார்பேட்டைக்கு மார்வாடிகளும் குஜராத்திகளும் வந்தார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை இரயில் நிலையத்தருகே கடைகள் போட்டனர். பர்மா பஜார் பிறந்தது. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். வடாற்காட்டிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும், மழை பொய்த்த ஒவ்வோர் ஆண்டிலும், மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கியோர் எத்தனையோ பேர். 1901-இல் இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சம். 1951-இல் அது 14 இலட்சமாயிற்று. 2011-இல் 46 இலட்சத்தைக் கடந்தது. அதே ஆண்டில் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, உள்ளே வந்த ஊர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 67 இலட்சம்.

இப்பெருக்கத்தைக் குழந்தைப் பேற்றின் விளைவு என்று கருதுவோர் பலர். அது தவறு. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கை குறையாமல் அடுத்த தலைமுறைக்கு இடம்விட 2.1 வேண்டும். எனவே, நம் மாநிலம் முதுமையை நோக்கி நடக்கிறது. ஞாயிறு திருப்பலியில் பீடத்திலிருந்து பார்க்கும் எனக்கு இது நன்றாகத் தெரிகிறது: முன்வரிசைகளில் நரைத்த தலைகள், அவர்களுடைய பிள்ளைகள் சிட்னியிலும் டொரொன்டோவிலும் துபாயிலும். அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளை ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் செய்கிறார்கள். மெட்ரோ இரயிலின் சுரங்கத்தில் மண் சுமந்தோரும், நம் உணவகங்களில் இலை எடுப்போரும், நம் முதியோரைப் பராமரிக்கும் இல்லங்களில் இரவு கண்விழிப்போரும் அவர்களே. நம் பிள்ளைகளுக்கு அயல்நாடுகளில் இடம் கிடைக்கவேண்டும் என்று செபிக்கும் நாம், அயலார் பிள்ளைகள் நம் ஊருக்கு வருவதைப் படையெடுப்பு என்று சொல்வது எவ்வகையில் நியாயம்?

தமிழராகிய நாம் இச்சொல்லின் மறுபக்கத்தையும் அறிந்தவர்கள். தாராவியில் தோல் பதனிட்டவர்களும் பம்பாய் அலுவலகங்களில் தட்டச்சு செய்தவர்களும் நம்மவர்கள். 1966-இல் தொடங்கிய சிவசேனை முதலில் விரல் நீட்டியது தென்னிந்தியர் மீதுதான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய மலையகத் தமிழர், 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றோர் ஆயினர். உங்களுக்கு இங்கே இடமில்லை என்று நமக்குச் சொல்லப்பட்டபோது அதன் கசப்பை நாம் சுவைத்தோம். அந்நியரை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாயிருந்தாய் என்ற பொருள்பட லேவியர் நூல் இஸ்ரயேலுக்குக் கட்டளையிடும்போது, அந்தக் கசப்பின் நினைவையே அறத்துக்கு அடித்தளமாக்குகிறது. துன்பத்தை மறந்த மக்கள், பிறர் துன்பத்தைக் காணும் கண்ணையும் இழந்துவிடுவர்.

இரண்டு விருந்துகள்

1798-இல் இங்கிலாந்தில் தாமஸ் மால்த்தூஸ் என்பவர் மக்கள்தொகை பற்றி ஒரு நூல் எழுதினார். அவரும் ஒரு குருதான். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்பது அவர் வாதம். 1803-இல் வெளியிட்ட விரிவான பதிப்பில் அவர் ஓர் உவமையைச் சேர்த்தார். இயற்கை ஒரு பெருவிருந்து வைத்திருக்கிறது. பிறரால் ஏற்கெனவே உரிமையாக்கப்பட்ட உலகில் பிறந்து, பெற்றோரிடமிருந்தும் பிழைப்புப் பெறாமல், சமுதாயத்துக்கும் தன் உழைப்பு தேவைப்படாத நிலையில் நிற்பவனுக்கு அவ்விருந்தில் இலை போடப்படவில்லை. அவன் எழுந்து போகவேண்டியதுதான் என்ற கருத்து அது. அக்கொடுமை அவருக்கே உறுத்திற்றோ என்னவோ, அடுத்த பதிப்புகளில் அப்பகுதியைக் காணோம். ஆனால் உவமை இறக்கவில்லை. இன்றும் பலரின் உள்ளத்தில் அது உயிரோடிருக்கிறது.

அவர் காலத்தில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 100 கோடி. 2022 நவம்பரில் அது 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அவர் அஞ்சியபடி உலகம் பட்டினியால் அழிந்துவிடவில்லை. ஏனெனில், பிறக்கும் ஒவ்வொரு மனிதனும் ஒரு வாயோடு மட்டும் பிறப்பதில்லை. இரண்டு கைகளோடும் ஓர் அறிவோடும் பிறக்கிறான். உண்பவனைக் கணக்கிட்டவர் உழைப்பவனைக் கணக்கிட மறந்தார்.

இதற்கு நேர் எதிரான ஒரு விருந்தை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அழைக்கப்பட்டோர் வரவில்லை, ஒருவர் வயல் வாங்கியிருக்கிறார், மற்றவர் ஏர்மாடு வாங்கியிருக்கிறார். வீதிகளிலிருந்து ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துவந்த பணியாளர், தலைவரிடம் வந்து, இன்னும் இடமிருக்கிறது என்று அறிவிக்கிறார். உடனே தலைவர், ஊருக்கு வெளியே வேலியோரங்களில் கிடப்போரையும் கூட்டிவரச் சொல்கிறார். அன்பு வாசகர்களே, அவ்விரண்டு விருந்துகளிலும் மண்டபத்தின் நீள அகலத்தில் வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. வேற்றுமை விருந்தளிப்பவரின் உள்ளத்தில்தான். மால்த்தூசின் விருந்தில் முன்னரே அமர்ந்தவர்கள் உரிமையாளர்கள். ஆண்டவரின் விருந்திலோ அனைவரும் அழைக்கப்பட்டவர்கள்; முந்தி வந்தவரும் விருந்தினரே. சந்தா செலுத்திய நானும் அங்கே விருந்தினன்தான்.

அஞ்சுவோரின் நியாயம்

இம்மட்டில் நிறுத்திக்கொண்டால் இது வெறும் மறையுரையாகிவிடும். அஞ்சுவோரைக் கடிந்துகொள்வது குருக்களுக்கு எளிது. எங்களுக்கு வாடகை இல்லை, தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடும் நிலையும் இல்லை. ஆகவே அஞ்சுவோரின் நியாயத்தையும் கேட்போம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அன்பு ஒரு நற்பண்பு. ஆனால் அது ஏரியை நிரப்பாது. நகரம் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. திருச்சபையும் இதை மறுத்ததில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ என்ற சுற்றுமடலில், வளங்களைவிட விரைவாக மக்கள்தொகை பெருகும்போது முன்னேற்றம் இடர்ப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறார். தூய தோமா அக்குவினாரும் தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில், பழைய இஸ்ரயேலில் அந்நியர் சிலருக்கு மூன்றாம் தலைமுறையில்தான் முழுக் குடியுரிமை கிடைத்ததை எடுத்துக்கூறி, பொதுநலம் இன்னும் உள்ளத்தில் ஊன்றாதவர்களிடம் ஊரின் பொறுப்பை உடனே ஒப்படைப்பதில் ஆபத்து உண்டென்று விளக்குகிறார். எனவே, எச்சரிக்கை பாவமன்று.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்குவோம். இடத்தை யார் தின்றார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் காணாமற்போயிற்று. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்த அந்நிலத்தில் குப்பைமேடும் அகன்ற சாலைகளும் பெரிய கட்டடங்களும் எழுந்தபின்தான், எஞ்சியதைக் காப்பதற்காக 2022-இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்நிலத்தை அவ்வாறு மாற்றியவர்கள் ஓர் அறைக்குப் பத்துப் பேராய்த் தங்கும் கூலித் தொழிலாளர்கள் அல்லர். ஒரு வாளித் தண்ணீரில் குளித்துத் துணியும் துவைப்பவன் ஏரியை வற்றச் செய்யவில்லை. எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது நாம் தலைகளை மட்டும் எண்ணுகிறோம். ஒவ்வொரு தலைக்கும் எவ்வளவு செலவாகிறது என்பதை எண்ணுவதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால், நகரத்துக்குப் பாரமாயிருப்பவர் யார் என்ற கேள்விக்கு நமக்குப் பிடிக்காத விடை கிடைக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியாரை வரவேற்கும் செலவு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. கூவம், அடையாற்றுக் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த நம் ஏழைகள், நகரை அழகுபடுத்த வேண்டும், வெள்ளத்திலிருந்து காக்கவேண்டும் என்ற காரணங்களால், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். வேலை செய்த வீடும் பிள்ளை படித்த பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுபோயின. நகரத்தைக் கட்டியவர்களுக்கே நகரில் இடமில்லை என்று சொல்லப்பட்டபோது நம்மில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வெளியாரும் அல்லர்; மொழியும் நம் மொழியே. எனவே ‘இடமில்லை’ என்பது அந்நியனுக்கு மட்டும் சொல்லப்படும் சொல்லன்று. வலுவற்றவன் எவனுக்கும் சொல்லப்படும் சொல்.

கூலி பற்றியும் இதுவே. கொத்தனாரும் சித்தாளும் என்னிடம் வந்து, “இந்திக்காரன் வந்த பிறகு எங்களைக் கூப்பிடுறதில்லை, சாமி” என்று சொல்லும்போது நான் அவர்களைப் பகைமை பாராட்டுவோர் என்று கருதவில்லை. அவர்கள் இழந்திருப்பது உண்மையான இழப்பு. ஆனால் அந்த வேலையைப் பறித்தவன் ஜார்க்கண்ட் இளைஞன் அல்லன். பன்னிரண்டு மணி நேரம் உழைக்கவும், வேலையிடத்திலேயே படுக்கவும், குறைந்த கூலிக்கு எதிர்த்துப் பேசாதிருக்கவும் ஒருவனைத் தேடியவர்தாம் பறித்தார். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்காக 1979-இல் இயற்றப்பட்ட சட்டமே, உள்ளூரார் பெறும் கூலிக்குக் குறையாமல் அவர்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. அவ்விதி உண்மையிலேயே நடைமுறையில் இருந்திருந்தால், நம் கொத்தனாருக்கும் வந்தவனுக்கும் இடையே பகை மூள வழியே இருந்திராது. இரு ஏழைகளை ஒருவர் மீது ஒருவர் ஏவிவிட்டு, இருவர் உழைப்பையும் மலிவாக வாங்கிக்கொள்வது விருந்தோம்பல் ஆகாது. நான் விருந்தினரை அழைத்துவிட்டு, அவருக்கு இலை போட என் தம்பியை எழுப்பினால் அது என் ஈகையா? இடம் கொடுப்பவர் தம் இலையருகே இடம் கொடுக்கவேண்டும். ஏழையின் இலையருகே அன்று. பெருகும் நகரத்தின் அறநெறி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

பாபேலின் செங்கல்

பண்பாட்டைப் பற்றிய அச்சமும் உண்டு. நம் தெருவில் கேட்கும் மொழி மாறிவிட்டது. நாளை நம் தமிழின் கதி என்னவாகும் என்று கவலைப்படுவோரை நான் ஏளனம் செய்யமாட்டேன். மொழி என்பது ஓர் இனத்தின் ஆன்மா குடியிருக்கும் வீடு. எனினும், விவிலியத்தின் இரு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

தொடக்கநூலின் பாபேலில் எல்லாரும் ஒரே மொழி பேசினார்கள். ஒரே வேலையைச் செய்தார்கள். வானளாவும் கோபுரம் கட்டினார்கள். யூத மறைநூல் அறிஞரின் மரபில் அதைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. கோபுரம் மிக உயர்ந்துவிட்டபடியால் ஒரு செங்கல் மேலே போய்ச்சேர நெடுங்காலமாயிற்று. ஆகவே உச்சியிலிருந்து ஒரு மனிதன் விழுந்தால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை; ஒரு செங்கல் விழுந்தாலோ அமர்ந்து அழுதார்களாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தபோது எனக்கு இக்கதை நினைவுக்கு வந்தது. ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். நாம் எத்தனை நாள் அழுதோம்? அவ்வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்களின் இழப்பைப் பற்றி எவ்வளவு பேசினோம், இடிபாடுகளில் சிக்கியவர்களின் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு பேசினோம்? பாபேலின் குற்றம் பல மொழிகள் அல்ல. மனிதனைவிடச் செங்கல்லைப் பெரிதாக மதித்ததே அதன் குற்றம்.

பெந்தக்கோஸ்து நாளிலோ எருசலேமில் பார்த்தியரும் மேதியரும் எகிப்தியரும் உரோமையரும் கூடியிருந்தார்கள். தூய ஆவியார் அவர்கள் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டார்கள். ஒற்றுமை வேறு, ஒரே சீராயிருத்தல் வேறு. ஆகவே, வந்தவன் தன் மொழியை மறந்துவிட வேண்டும் என்று நாம் கேட்கலாகாது. ஆனால் இந்த ஊரின் மொழியைக் கற்கவேண்டும் என்று அன்போடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடலில், அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலன் இருக்கிறது என்று அறிவுறுத்துகிறார். அடிமையாய்ச் சென்ற நகருக்கே அக்கடமை உண்டென்றால், பிழைக்க வந்த நகருக்குக் கடமை இல்லையா? வந்தவருடைய பிள்ளை நம் பள்ளியில் தமிழ் படிக்கட்டும். தமிழைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளையும் தமிழுக்குக் கிடைத்த வரவு. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் மறக்கலாமா? அயலாரால் ஒரு மொழிக்கு ஏற்றமும் வரக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

ஒருவரையொருவர் அறியாத நகரம் எவ்வளவு எளிதில் உடையும் என்பதை 2023 மார்ச்சில் கண்டோம். வட மாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொலிகள் பரவின. பலர் அஞ்சினர், சிலர் ஊருக்கு இரயிலேறினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கு அனுப்பி விசாரித்தது. செய்தி பொய்யென்று தெளிவாயிற்று. ஒரு பொய் அத்தனை பேரை அசைத்ததென்றால், அவர்களுக்கு இங்கே உண்மையைச் சொல்ல ஒரு நண்பனும் இல்லை என்பதுதானே பொருள்? பல்லாண்டுகளாக நம் தெருவில் வாழ்ந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. 2020-இன் ஊரடங்கில் அவர்கள் கால்நடையாக ஊர் திரும்பியபோது, இந்நகரில் இத்தனை பேர் வாழ்ந்தார்களா என்று வியந்தோம். எதிரில் நின்றபோது கண்ணுக்குத் தெரியாதவர்கள், போகும்போது மட்டுமே தெரிந்தார்கள்.

யோனா நூலின் முடிவை நான் அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன். நினிவே அழியவில்லையே என்று சினங்கொண்ட இறைவாக்கினரிடம் ஆண்டவர் ஒரு கணக்குச் சொல்கிறார்: வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள், கால்நடைகளும் இருக்கின்றன. விவிலியத்தில் பெரிய நகரம் ஒன்றின் மக்கள்தொகையைக் கடவுளே எடுத்துரைக்கும் இடம் இது. அவர் வரி விதிக்க எண்ணவில்லை, படை திரட்ட எண்ணவில்லை, இரங்குவதற்காக எண்ணினார். நாமும் நம் நகரை எண்ணுவோம். ஆனால் அவர் எண்ணியதுபோல் எண்ணக் கற்றுக்கொள்வோம்.

மக்பேலாவில் ஒரு குழி

இனி அந்த இளைஞனிடம் திரும்புவோம்.

அன்றிரவு உறக்கமின்றி விவிலியத்தைப் புரட்டியபோது, தொடக்கநூலின் 23-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. சாரா இறந்துவிட்டார். ஆபிரகாமுக்கு மனைவியை அடக்கம் செய்யச் சொந்தமாக ஓர் அடி நிலமில்லை. இத்தியர் முன் எழுந்து நின்று, நான் உங்களிடையே தங்கியிருக்கும் அந்நியன், என் இறந்தவளைப் புதைக்க ஓரிடம் தாருங்கள் என்று கேட்கிறார். அவர்களோ, எங்கள் கல்லறைகளுள் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள், எங்களில் எவரும் மறுக்கமாட்டோம் என்கிறார்கள். ஆயினும் ஆபிரகாம் நானூறு வெள்ளிக் காசுகளை நிறுத்துக் கொடுத்தே மக்பேலா நிலத்தைப் பெறுகிறார். நாடு முழுவதையும் கடவுளிடமிருந்து வாக்குறுதியாகப் பெற்றவருக்கு, அந்நாட்டில் முதலில் சொந்தமான நிலம் ஒரு கல்லறை! இறைமக்களின் வரலாறே, ஓர் அந்நியன் தன் இறந்தவருக்கு இடம் கேட்டு நின்றதிலிருந்து வேர்விடுகிறது. நம்பிக்கையின் தந்தை கேட்டதைத்தான் அந்த நால்வரும் என் அலுவலக வாசலில் நின்று கேட்டார்கள். கடவுளை அறியாத இத்தியர் கொடுத்த விடையை, நாற்பது ஆண்டுகளாக மறையுரை கேட்ட எங்கள் பேரவை கொடுக்கவில்லை. குருவாகிய நானும் கொடுக்கவில்லை.

காலைத் திருப்பலி முடிந்ததும் பேரவையாரை மீண்டும் அழைத்து, தவறு என்னுடையது என்று சொல்லத் தீர்மானித்திருந்தேன். அதற்குள் ஒரு மூதாட்டி சாக்ரிஸ்தியின் வாசலில் வந்து நின்றார். கோவில் முனையில் மீன் விற்பவர். எழுபது வயதைக் கடந்தவர். கணவரை இழந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. ஊரில் நடப்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“அந்தப் புள்ளைய எங்க வீட்டுக்காரர் குழியிலேயே வச்சிடுங்க, சாமி. அவரும் பஞ்சத்துல ஊரை விட்டு வந்தவர்தான். வந்த அன்னைக்கு எங்களுக்கும் இங்க யாரும் இல்ல” என்றார்.

“அது உங்களுக்கான இடமாயிற்றே, அம்மா. நாளை உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“என்னையும் அதுலேயேதான் வைக்கப் போறீங்க. அதுக்குள்ள எல்லாருக்கும் இடம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அந்த நால்வரும் தங்கள் ஊர் மொழியில் ஒரு பாடல் பாட, நாங்கள் தமிழில் செபமாலை சொல்ல, அந்த இளைஞனை அடக்கம் செய்தோம். பேரவையில் எழுந்து பேசிய பெரியவரும் வந்திருந்தார். அவரே முதல் பிடி மண்ணை இட்டார். அதற்கடுத்த மாதமே, சந்தா இல்லாதோருக்கும் வழியற்றோருக்கும் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியை ஒதுக்கும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். தோட்டத்தின் பரப்பு ஓர் அங்குலமும் கூடவில்லை.

இடம் நிலத்தில் இல்லாமற்போவது உண்டு. அதைத் திட்டமிடுவதும், ஏரிகளைக் காப்பதும், கூலியைச் சமமாக்குவதும், ஏழைக்கு நகரிலேயே வீடு தருவதும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. ஆனால் இடம் உள்ளத்தில் இல்லாமற்போனால் அதை எந்த அரசும் அமைத்துத் தரமுடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பயணம் போன ஓர் எளிய குடும்பத்துக்குப் பெத்லகேமின் விடுதியில் இடமில்லாமற்போயிற்று என்று ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் வாசிக்கிறோம். அந்த விடுதிக்காரரை நாம் கடிந்துகொள்கிறோம். அவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். விடுதி நிரம்பித்தான் இருந்திருக்கும். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தச் சொல் அவரை விட்டுப் போகவில்லை.

நம் வாசலில் யாரேனும் வந்து நிற்கும்போது, அந்தச் சொல்லை உதிர்க்கும்முன் ஒரு கணம் நின்று, நாம் இந்த ஊருக்கு எப்போது, எப்படி வந்தோம் என்பதை நினைத்துக்கொள்வோம்.